துண்டு யார் கையில்?

வெளிநாடு போன தமிழனைப் பற்றி நம்மிடம் கதைக்குப் பஞ்சமே இல்லை. விமான நிலையத்தில் அழுகிற அம்மா, முதல் பனி, சூட்கேஸுக்குள் உடைந்துபோன ஊறுகாய் பாட்டில், நள்ளிரவில் அப்பா இறந்த செய்தியோடு வரும் ஃபோன், டிக்கெட் கிடைக்காமல் வீடியோவில் பார்த்த கொள்ளி. இணைய இதழ்களில் மாசத்துக்கு ரெண்டாவது வந்துவிடும். சிலது நன்றாகவே எழுதப்பட்டவை. ஆனால் இந்த ஆள் எந்தக் காகிதத்தின் மேல் அங்கே நின்றுகொண்டிருக்கிறான், அந்தக் காகிதம் யார் போட்ட மனுவால் வந்தது, அதை நீட்டிக்கவும் நிறுத்தவும் யாரால் முடியும் என்று கேட்டால் கதைக்குள் பதில் இருக்காது. ஒரு முதலாளி ஸ்பான்சர் செய்ததால்தான் அவன் அங்கே இருக்கிறான். அந்த முதலாளி கதையில் ஒரு பாத்திரமாகக்கூட வருவதில்லை. மிஞ்சிப்போனால் "மேனேஜர் லீவு தரமாட்டேங்கறான்" என்று ஒரு வரி.

இதை ஒரு தகவல் பிழையாக நான் சொல்லவில்லை. கதையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கதை எழுதுவது கலைக் குறைபாடு. ஏக்கம் என்பது ஒரு மனநிலை. அதை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் நீட்டலாம். ஒருவன் ஊருக்கு வர முடியாமல் இருப்பதற்குக் காரணம் அவனுடைய மனநிலை இல்லை, ஸ்டாம்பிங் ஆகாத பாஸ்போர்ட் என்றால், கதை வேறு மாதிரிதான் போயாக வேண்டும்.

ஓசூரில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருப்பது கஷ்டம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். எல்லையில் யாரும் நம்மிடம் காகிதம் கேட்பதில்லை. காலையில் கம்பெனி பஸ்கள் இரண்டு திசையிலும் ஓடுகின்றன. இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கிருந்துதான் ஆன்சைட் என்கிற சொர்க்கவாசல் திறக்கும். மூக்கண்டப்பள்ளியிலோ பத்தலப்பள்ளியிலோ ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சிப்காட்டில் கான்ட்ராக்டில் இருப்பான். அவனுடைய கேட் பாஸ் கான்ட்ராக்டர் பெயரில். தங்கை எலெக்ட்ரானிக் சிட்டியில் கோடு எழுதுவாள். சித்தப்பா மகன் நியூஜெர்சியில் ஹெச்-1பி. மூன்று பேரும் பொங்கலுக்குப் பேசிக்கொண்டால் மூன்று வெவ்வேறு உலகத்துக்காரர்கள் போலத்தான் பேசுவார்கள். யாருடைய காகிதம் யார் கையில் என்று கேட்டுப் பாருங்கள், ஒரே உலகம்தான்.

இதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருந்தது: துண்டு.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் புழங்கிய சொல் அது. இந்தத் தொழிலாளி, அல்லது இந்தக் கங்காணியின் கீழிருக்கும் ஆட்கள், எங்கள் தோட்டத்துக்கு இன்ன தொகை கடன்பட்டிருக்கிறார்கள். அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டுக்குப் பெயர் துண்டு. வேறு தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் கடனைக் கட்டி எடுத்துக்கொள்ளும். கடன் ஆளோடு சேர்ந்து புதுத் தோட்டத்துக்குப் போகும். வெள்ளைக்காரர்கள் இதற்கு இங்கிலீஷில் சொல் தேடக்கூட இல்லை. தங்கள் அறிக்கைகளிலும் சட்டப் பேச்சிலும் துண்டு என்றே எழுதிவைத்தார்கள். தமிழகத்திலிருந்து ஏற்றிப் போகும்போதே எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கொடுத்துவிடும் முறையும் இருந்தது. எந்தத் தோட்டத்துக்கான ஆள், பயணச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதை அந்த வில்லை சொல்லும். துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கடன் அதற்கப்புறமும் இருந்தது.

இந்த உலகத்தைத் தமிழ் எழுதியிருக்கிறது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை நாம் மருதியின் துயரமாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். மறுபடி படித்தால், வாசவன்பட்டியில் சாதி அவளை எப்படிப் பிடித்துவைத்திருந்தது, தோட்டத்தில் ஆள்பிடிக்கும் ஏற்பாடு எப்படிப் பிடித்துவைக்கிறது என்பதை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்திருப்பது தெரியும். பி.எச். டேனியல் 1969இல் இங்கிலீஷில் எழுதி, இரா. முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்த நாவலில் இது இன்னும் துல்லியம். டேனியல் தோட்டங்களில் வேலை பார்த்த டாக்டர். கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமைக் கிராமத்திலிருந்து ஆனைமலைக்குப் போகிறார்கள். மேஸ்திரி கையில் கொடுக்கும் முன்பணத்தில் தொடங்கி, வருஷக் கடைசிக் கணக்கு முடிப்பில் அந்தப் பணம் எப்படி அவர்களைவிட வேகமாக வளர்கிறது என்பதுவரை நாவல் விடாமல் கணக்குப் போடுகிறது. கருப்பன் ஏன் ஊர் திரும்பவில்லை என்ற கேள்விக்கு அந்த நாவலில் ஏக்கம் பதிலாக வருவதில்லை. பதில் பேரேட்டில் இருக்கிறது. பாலாவின் 'பரதேசி' அதே உலகத்தைக் காட்டியபோது கண்ணீரும் அட்டையும் பனியும் பெரிதாகின. பேரேடு சின்னதாகிப் போனது. அந்தப் படத்தைப் பார்த்து அழாதவர் குறைவு. மேஸ்திரியின் கணக்கை ஞாபகம் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

ஹெச்-1பியை இப்போது ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். இலக்கியம் படிக்கிறவர்கள் செய்யக்கூடிய வேலைதான்.

1990ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் உருவான விசா இது. வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000. மூன்று வருஷம், பிறகு இன்னொரு மூன்று. ஒப்புதல் வாங்குகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள். மனு நிறைய வந்தால் குலுக்கல். 2003இல் லாட்டரிச் சீட்டைத் தடைசெய்த மாநிலத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் லாட்டரி முடிவுக்காக மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள் என்பதை ஒரு நாவலாசிரியர் எப்படித் தவறவிட முடியும்?

இந்த மனுவின் இலக்கணம் இன்னும் விசேஷம். மனுவைப் போடுவது முதலாளி. சட்டத்தின் மொழியில் அவர்தான் மனுதாரர். வேலைக்குப் போகிறவனுக்கு அந்த மொழி வைத்திருக்கும் பெயர் பயனாளி. நம்மூரில் பயனாளி என்றால் இலவச வீட்டுமனைப் பட்டா, முதியோர் உதவித்தொகை. பட்டியலில் பெயர் இருக்கும், பயனாளி வாங்கிக்கொள்வார். பொறியியல் படித்து, நாலு ரவுண்டு இன்டர்வியூ தாண்டி, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவன் அந்தக் காகிதத்தில் உதவி வாங்குகிறவனாகத்தான் நிற்கிறான். எழுவாய் முதலாளி. செயப்படுபொருள் நம்ம ஆள்.

கூடவே ஓர் அறிவிப்பு உண்டு. ஹெச்-1பியில் ஆள் எடுக்கும் கம்பெனி, இன்ன வேலைக்கு இன்ன சம்பளத்தில் எடுக்கிறோம் என்று வேலையிடத்தில் கண்ணில் படுகிற மாதிரி இரண்டு இடத்தில் அறிவிப்பு வைக்க வேண்டும். காகிதத்தில் ஒட்டுகிறார்களோ கணினியில் போடுகிறார்களோ, எவன் படிக்கிறான்? ஆனால் தன்னுடைய சம்பளம் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே அதன் கீழ் நின்று காபி குடிப்பவனை நினைத்துப் பாருங்கள். கிரீன் கார்டுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. இந்த வேலைக்கு அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று நிரூபிப்பதற்காக, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஆள் தேவை என்று உங்கள் கம்பெனியே ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் இரண்டு தடவை விளம்பரம் கொடுக்க வேண்டும். யாரும் வரக்கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொண்டே கொடுக்கிற விளம்பரம் அது. அசோகமித்திரன் கையில் கிடைத்திருந்தால் பத்துப் பக்கத்தில் முடித்து நம்மைத் தூங்கவிடாமல் செய்திருப்பார்.

நம்முடைய மென்பொருள் நாவல்கள் இதன் ஓரத்தைத் தொட்டுவிட்டு நகர்கின்றன. இரா. முருகனின் 'மூன்று விரல்' தொடக்ககால முயற்சி. ஊர் ஊராகத் துரத்தப்படும் மென்பொருள்காரனின் பரபரப்பை, அவன் எந்த நகரத்துக்கும் சொந்தமில்லாமல் போவதை அது பிடித்துவிட்டது. அந்த வேகத்துக்காகவே இன்றும் படிக்கலாம். விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' நிலம் இழந்தவர்களையும் அதே நிலத்தின் மேல் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களையும் சேர்த்துப் பார்க்கத் துணிந்தது. இரண்டும் அலுவலகத்துக்குள் போகின்றன. ஹெச்.ஆர். அலமாரியில் இருக்கும் ஃபைலைத் திறந்து அதையே கதையின் அச்சாக வைக்கவில்லை.

சினிமாவில் விசாவை முழுநீளக் கதையாக எடுத்துக்கொண்ட படம் ஒன்று ஞாபகம் வருகிறது, 2003இல் வந்த 'நள தமயந்தி'. பாலக்காட்டுச் சமையல்காரர் ராம்ஜி ஆஸ்திரேலியாவுக்குப் போய் பாஸ்போர்ட்டைத் தொலைத்து, அங்கே தங்குவதற்காகக் காகிதக் கல்யாணம் செய்துகொள்கிறார். சிரிப்புப் படம்தான். ஆனால் காகிதம் இல்லையென்றால் மனிதன் என்னவாகிறான் என்பதை நம் 'சீரியஸ்' புலம்பெயர் கதைகள் பலவற்றைவிட அது தெளிவாகக் காட்டியது. அங்கேயும் கடைசியில் கல்யாணம்தான் காப்பாற்றுகிறது. நமக்கு எந்தச் சிக்கலும் கல்யாணமாக மாறினால்தான் புரியும் போல.

கல்யாணம் என்றதும், பனியைப் பார்த்தபடி சமையலறை ஜன்னலோரம் நிற்கிற மனைவி. புலம்பெயர் சிறுகதையின் நிரந்தரப் பாத்திரம் இவள். எம்.எஸ்ஸி. படித்தவள், வேலைக்குப் போகவில்லை, தனிமை, மெல்ல மெல்ல மனச்சோர்வு. கணவனுக்கு நேரமில்லை என்பதோடு கதை நின்றுவிடும். ஹெச்-4 விசாவில் போனவள் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். 2015இல்தான் ஒரு பகுதியினருக்கு அனுமதி வந்தது. அதுவும் பெரும்பாலும் கணவனுடைய கிரீன் கார்டுக்காக அவன் முதலாளி போட்ட மனு ஒப்புதல் ஆகியிருந்தால்தான். அதாவது அவளுக்குச் சம்பளம் வருமா வராதா என்பது அவள் பார்த்தேயிராத ஒரு கம்பெனியின் மனுவைப் பொறுத்தது. அந்த ஜன்னலுக்கு வெளியே பனி மட்டும் தெரிகிற கதைகளை நான் இனி முழுசாக நம்ப மாட்டேன்.

இதைப் பேசியபோது நண்பர் ஒருவர் கோபப்பட்டார். "அட்டைக் கடியில செத்தவனையும் டெஸ்லா வாங்குனவனையும் ஒரே வரியில எழுதுவியா? அது தோட்டத்துக்காரனுக்குப் பண்ற அவமானம் இல்லையா?" நியாயமான கோபம். தோட்டத்தை விட்டு ஓடினவனுக்குச் சிறை இருந்தது, சவுக்கு இருந்தது, மலேரியா இருந்தது. ஹெச்-1பிக்காரன் நாளைக்கே டிக்கெட் போட்டு ஊருக்கு வந்து பாகலூர் ரோட்டில் பிளாட் வாங்கலாம். துயரத்தின் அளவில் ஒப்பீடே கிடையாது. யார் யாரை முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனார்கள் என்ற சாதிக்கணக்கிலும் இரண்டும் வேறு வேறு. நான் பேசுவது முடிச்சின் வடிவத்தைப் பற்றி. 2000ஆம் ஆண்டு வந்த சட்டத்தின்படி புது முதலாளி மனு போட்டதுமே அங்கே வேலைக்குச் சேரலாம். நம்மாட்கள் இதை டிரான்ஸ்ஃபர் என்பார்கள். இன்னொரு துரை வந்து துண்டை எடுத்துக்கொண்டால் நகரலாம், எடுக்கவில்லையென்றால் முடியாது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு மனுதாரர் கிடைக்க வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது வீட்டைக் காலி செய்து, காரை விற்று, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கிளம்ப வேண்டும். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை பல்லாண்டு நீளம். வரிசையில் நிற்கும்போதே பிள்ளைக்கு 21 வயசு ஆனால், பிள்ளை வரிசையிலிருந்து விழுந்துவிடும். டெஸ்லா வைத்திருப்பவன் மேனேஜரிடம் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதற்கு இவ்வளவு போதும்.

பெருமைதான் இதை எழுதவிடாமல் தடுக்கிறது என்று நினைக்கிறேன். கருப்பனின் கடனை எழுதும்போது வாசகருக்கு இரக்கம் வரும், எழுதியவருக்கும் கௌரவம். ஆன்சைட் போனவனின் கட்டை எழுதினால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். எழுதுகிறவர்களில் பலர் அந்த விசாவில் இருக்கிறவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன்னை ஏக்கமுள்ளவனாகக் காட்டிக்கொள்ள எவருக்கும் கூச்சமில்லை. கட்டுப்பட்டவனாகக் காட்டிக்கொள்வதில்தான் கூச்சம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், எலெக்ட்ரானிக் சிட்டியில் தலைமையகம் வைத்திருக்கும் இன்ஃபோசிஸ் 2013இல் அமெரிக்க அரசுடன் 34 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஹெச்-1பி தேவைப்படும் வேலைக்கு பி-1 எனும் வணிகப் பயண விசாவில் ஆட்களை அனுப்பினார்கள் என்பது அரசுத் தரப்புக் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தபடியே பணத்தைக் கட்டியது. எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். அழைப்புக் கடிதம் எழுதும்போது 'வேலை' மாதிரியான சொற்களைத் தவிர்க்கும்படி ஒரு குறிப்பு ஊழியர்களிடம் தரப்பட்டதாக அரசுத் தரப்பு சொன்னது. வேலைக்குப் போகிறவனைப் பற்றி வேலை என்ற சொல்லே வராமல் எழுத வேண்டுமாம். எங்கேயோ படித்த மாதிரி இல்லையா? நம் புலம்பெயர் கதைகள் அந்தக் குறிப்பைப் பார்க்காமலேயே அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன.

மலையாளத்தில் இந்தக் கூச்சம் குறைவு. வளைகுடா அவர்களுக்கு வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம் என்பதால் இருக்கலாம். பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்' தமிழிலும் நிறையப் பேர் படித்த நாவல். 2024இல் பிளெஸ்ஸியின் படமாகவும் வந்தது. நாம் அதில் பாலைவனத்தையும் பசியையும் ஆட்டு வாடையையும் பார்த்தோம். நாவலின் அச்சாணி வேறு. நஜீபை விமான நிலையத்திலிருந்து அள்ளிக்கொண்டு போனவன் அவனுடைய ஸ்பான்சரே இல்லை. தப்பித்து வந்து சிறையில் இருக்கும்போது, ஓடிப்போன ஆட்களை அடையாளம் காட்ட அர்பாபுகள் வருகிறார்கள். அந்த அர்பாபும் வருகிறான், நஜீபைப் பார்க்கிறான், விட்டுவிட்டுப் போகிறான். காரணம் பிறகுதான் தெரிகிறது: நஜீப் அவனுடைய விசாவில் வந்தவன் இல்லை, வந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பான். இரக்கத்தால் கிடைத்த விடுதலை இல்லை அது. காகிதத்தில் இருந்த ஒரு ஓட்டை வழியாகக் கிடைத்தது. நாவலில் என்னை உலுக்கிய இடம் இதுதான். மூன்று வருஷத்துக்கு மேல் ஒருவனை மிருகமாக வைத்திருந்தவன், அவன் தனக்குச் சட்டப்படி சொந்தமில்லை என்றதும் திரும்பிப் போகிறான். சட்டப்படியான ஸ்பான்சரிடமே மாட்டியிருந்தால் அந்தப் பாவப்பட்டவனுக்கு வெளியே வர வழியில்லை. கஃபாலா முறையைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் இருக்கின்றன; இந்த ஒரு திருப்பம் சொல்வதை அவை சொல்லவில்லை. பென்யாமின் காகிதத்தைக் கதைக்கு வெளியே தகவலாகச் சொல்லாமல், கதையின் கழுத்திலேயே கட்டிவிட்டார்.

திரும்ப ஓசூர் பக்கம். இங்கேயும் ஸ்பான்சர்கள் உண்டு, திசைதான் வேறு. கிருஷ்ணகிரி மாவட்டத் தொழிற்சாலைகளில் இயந்திரத்தை நிறுவவும் லைனை ஓட்டிக் காட்டவும் வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்து போகிறார்கள். அவர்களில் இந்தியாவின் வேலை விசாவில் வருகிறவர்களுக்கு ஸ்பான்சர் இங்குள்ள கம்பெனி. பொதுவாக வருஷச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. அந்நிய நாட்டுச் சமையல் செய்கிறவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. (ராம்ஜி திசை மாறி வந்திருந்தால் தப்பித்திருப்பார்.) வந்தவர் இங்கிருந்தபடியே வேறு கம்பெனிக்குத் தாவ, குழும நிறுவனங்களுக்குள் மாறுவது போன்ற சில விலக்குகள் தவிர, அனுமதி இல்லை. அமெரிக்காவை நோக்கி நாம் வைக்கும் புகாரை அவர்கள் நம்மை நோக்கி அப்படியே வைக்கலாம்.

விசாவே தேவைப்படாதவர்கள் கதை இன்னொன்று. 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ், ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 6,000 பழங்குடிப் பெண்கள் ஓசூர்த் தொழிற்சாலையில் ஐபோன் தயாரிக்கப் பயிற்சி பெற்றிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். இந்தியக் குடிமக்கள், எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கும் உரிமை உள்ளவர்கள். ஆனால் மொழி தெரியாத ஊரில் வேலை, அறை, சாப்பாடு, பஸ் நாலும் ஒரே கையிலிருந்து வரும்போது, வேலையை விடுவதென்றால் அன்றைக்கே படுக்கையையும் விடுவது என்று அர்த்தம். இது எந்த ஒரு கம்பெனிக்கும் உரிய விசேஷம் இல்லை. விடுதி வைத்து ஆள் எடுக்கிற எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஆதவன் தீட்சண்யா, பா. வெங்கடேசன் என்று இரண்டு முக்கியமான எழுத்தாளர்கள் இதே ஓசூரிலிருந்து எழுதியிருக்கிறார்கள். இதை எழுதித் தாருங்கள் என்று அவர்களிடம் கேட்பது அபத்தம். அவரவருக்கு அவரவர் பேய். அந்த விடுதியில் இருக்கும் ஒரு பெண் சந்தாலியிலோ நாக்புரியிலோ எழுதி, அதை நாம் மொழிபெயர்ப்பில் படிக்க வேண்டியிருக்கலாம். ஆன்சைட் கதைக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அதை எழுத வேண்டியவர்கள் தமிழில்தான் இருக்கிறார்கள், உங்களில் பலர்.

பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் கையெழுத்திட்டார். ஞாயிறு முதல் அமல். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் சனிக்கிழமைதான் வந்தது. இடைப்பட்ட நேரத்தில், வெளியே இருப்பவர்கள் உடனே திரும்புங்கள், உள்ளே இருப்பவர்கள் நகராதீர்கள் என்று கம்பெனிகள் மெயில் அனுப்பின. சான் பிரான்சிஸ்கோவில் துபாய்க்குக் கிளம்பவிருந்த விமானத்திலிருந்து பயணிகள் சிலர் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. சீட் பெல்ட் போட்டாகிவிட்டது, ஃபோனில் மெயில். தங்கை கல்யாணத்துக்குப் போகிறவர் இருந்திருப்பார், அப்பாவின் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இருந்திருப்பார். இறங்கினவரை விடுங்கள். அந்த மெயிலைப் படித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ஒருவர், துபாய் வரைக்குமான அந்தப் பதினைந்து பதினாறு மணி நேரத்தில் தன் மனுதாரரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வந்திருப்பார் என்று எனக்குத் தமிழில் படிக்க வேண்டும்.